முட்டை வடிவம் வேறு, நீள்வட்டம் வேறு

'ஓவல்' என்ற சொல் சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் வெகு சாதாரணமாகப் புழங்குகிறது. பாலர் பள்ளிச் சுவரில் வட்டம், சதுரம், முக்கோணத்துக்குப் பக்கத்தில் அதுவும் ஒட்டப்பட்டிருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஓவல் ஃபிரேம், சிராங்கூன் சாலை நகைக்கடையில் ஓவல் கல், முடிதிருத்தும் கடையில் ஓவல் முகம். கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளை, தமிழ்க் கட்டுரையில் அந்த வடிவத்தைச் சொல்ல வேண்டி வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அகராதியைப் புரட்டினால் 'முட்டை வடிவம்' என்றும் இருக்கிறது, 'நீள்வட்டம்' என்றும் இருக்கிறது. எதை எழுதுவது? வீட்டில் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான், எதையாவது எழுதும்மா" என்று பதில் வரும்.

இரண்டும் ஒன்றில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடைந்து கிடக்கும் இரண்டு வடிவங்களுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர் இருக்கிறது. அந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டே நாம் பயன்படுத்தாமல் விடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

வித்தியாசம் எங்கே என்று பார்க்கப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். ஒரு கோழி முட்டையை எடுத்துப் படுக்கை வாக்கில் மேசைமேல் வையுங்கள். ஒரு முனை அகன்று மழுங்கியிருக்கும், மறுமுனை ஒடுங்கிக் கொஞ்சம் கூராக இருக்கும். மெல்லத் தட்டிவிட்டால் அது நேராக ஓடாது. ஒடுங்கிய முனையை உள்பக்கமாக வைத்துக்கொண்டு வளைந்து திரும்பும். தேக்கா சந்தையில் முட்டை அட்டைகளைக் கவனித்தால் பெரும்பாலும் ஒடுங்கிய முனை கீழே போயிருக்கும், மழுங்கிய முனை மேலே தெரியும். முட்டைக்குள் காற்றறை இருப்பது மழுங்கிய பக்கத்தில். அதை மேலே வைத்தால் மஞ்சள்கரு நடுவில் நின்று முட்டை நன்றாக இருக்கும். ஆக, முட்டைக்கு மேல் கீழ் உண்டு. அதைத் தலைகீழாகத் திருப்பினால் படமே மாறிவிடும்.

நீள்வட்டத்துக்கு அந்தத் தலைகீழ் கிடையாது. வட்டத்தை இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுத்தால் வருவது அது. இரு முனைகளும் ஒன்றுபோலவே இருக்கும். நீளவாக்கில் மடித்தாலும் சரியாகப் பொருந்தும், குறுக்குவாக்கில் மடித்தாலும் பொருந்தும். முட்டையின் படத்தை வரைந்து கத்தரித்து மடித்துப் பாருங்கள், நீளவாக்கில் மட்டும்தான் பொருந்தும். இலங்கைப் பாடநூல் வழியில் படித்தவர்கள் நீள்வட்டத்தை 'நீள்வளையம்' என்பார்கள். பொருள் ஒன்றுதான்.

ஆங்கிலச் சொல் ஏன் இரண்டையும் சேர்த்துக்கொண்டது? அதன் வேர் லத்தீனில் முட்டையைக் குறிக்கும் 'ஓவம்'. பிறப்பில் அது முட்டைக்குரிய சொல்தான். புழங்கப் புழங்க, நீண்டு வளைந்த மூடிய கோடு எதுவானாலும் ஓவல் என்றாகிவிட்டது. கணிதத்திலும் அதற்குக் கறாரான ஒரே வரையறை இல்லை. வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் அமரும் 'ஓவல் அலுவலகம்' கிட்டத்தட்ட நீள்வட்டம். நீளம் 11 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் 9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒடுங்கிய முனை என்று எதுவும் இல்லை. அதைத் தமிழில் 'முட்டை வடிவ அலுவலகம்' என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் தப்பான அறைதான் எழும். லண்டனிலும் அடிலெய்டிலும் கிரிக்கெட் மைதானங்களுக்கு ஓவல் என்று பெயர். நம் ஊரிலேயே செலேத்தாரில், பழைய பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்தின் கறுப்பு வெள்ளை பங்களாக்களுக்கு நடுவே 'தி ஓவல்' என்று ஒரு சாலை இருக்கிறது. இவையெல்லாம் பெயர்கள். பெயரைப் பெயராகவே விட்டுவிடலாம், மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

பள்ளித் திடலின் 400 மீட்டர் ஓடுதளத்தையும் ஓவல் என்கிறார்கள். அது முட்டையும் இல்லை, நீள்வட்டமும் இல்லை. அனைத்துலகத் தர அளவின்படி 84.39 மீட்டர் நீளமுள்ள இரண்டு நேர்க்கோடுகள், இரண்டு பக்கமும் 36.5 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டங்கள். அவ்வளவுதான். நீள்வட்டத்தில் எங்கேயும் நேர்க்கோடு வராது. அது முழுக்க முழுக்க வளைந்துகொண்டேதான் இருக்கும். ஓடுகிறவருக்கு இது நன்றாகவே தெரியும். வளைவு எங்கே முடிகிறது, நேர்ப்பாதை எங்கே தொடங்குகிறது என்று அவர் கால் சொல்லிவிடும்.

தமிழில் மட்டும் 'முட்டை' எப்போதும் கறாராக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. பரீட்சையில் முட்டை வாங்கினான் என்றால் பூஜ்யம். முட்டைக்கண் என்றால் துருத்திக்கொண்டு நிற்கும் பெரிய கண். முட்டைக்கோஸ் கிட்டத்தட்ட உருண்டை. எருமுட்டையோ தட்டையாகவே இருக்கும். பேச்சில் முட்டை என்பது திரண்டு உருண்ட எதற்கும் ஒட்டிக்கொள்கிற சொல். வடமொழியிலிருந்து வந்த 'அண்டம்' இன்னும் தூரம் போய்விட்டது. முட்டையிலிருந்து பிறப்பவற்றை 'அண்டசம்' என்று சொல்லும்போது பழைய பொருள் அப்படியே இருக்கிறது. அண்டவெளி என்னும்போது யாருக்கும் முட்டை நினைவுக்கு வராது. பிரம்மனின் முட்டையான பிரம்மாண்டம் இன்று வெறுமனே 'மிகப் பெரியது'.

பேச்சில் இந்தத் தளர்ச்சி இருப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வடிவத்தைச் சொல்லித்தான் பொருளையே அடையாளம் காட்ட வேண்டும் என்ற இடம் வரும்போது தளர்ச்சி உதவாது. அப்படிப்பட்ட இடங்களில் எனக்கு மிகப் பிடித்தது இலை.

தாவரவியலில் இலை வடிவங்களுக்குத் தனிச் சொற்கூட்டமே உண்டு. 18ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் செடிகளை விவரிக்கும் லத்தீன் சொற்களை ஒழுங்குபடுத்தினார். அதில் முட்டை வடிவம் என்றால் வரையறை தெளிவு: இலையின் அதிக அகலம் நடுவுக்குக் கீழே, காம்புப் பக்கத்தில் இருக்க வேண்டும். நுனிப் பக்கம் அகன்று காம்பை நோக்கி ஒடுங்கினால் அது தலைகீழ் முட்டை வடிவம். அதிக அகலம் சரியாக நடுவில் வந்தால் நீள்வட்டம். தமிழ்நாட்டுத் தாவரவியல் பாடங்களில் இந்த மூன்று பெயர்களும் உண்டு.

இதைப் பார்க்கக் காட்டுக்குள் போக வேண்டாம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கைச் சுற்றி நடந்தாலே போதும். கீழ்த்தளத்துத் தோட்டத்தில் செம்பருத்தி இருக்கும். ஓர் இலையைப் பறிக்காமல் கையில் பிடித்துப் பாருங்கள். காம்புக்கு அருகில் அகன்று, ஓரம் பல்பல்லாக வெட்டுப்பட்டு, நுனியை நோக்கிக் கூம்பிப் போகும். இது முட்டை வடிவம். அப்புறம் கார் நிறுத்துமிடத்து ஓரமாகவோ கடற்கரைப் பக்கமாகவோ போனால் கெத்தாபாங் நிற்கும். தமிழில் நாட்டு வாதுமை. தட்டுத்தட்டாகக் கிளை விரிக்கும் மரம், உதிரும் முன் இலைகள் சிவந்துவிடும். கீழே விழுந்த ஒரு சிவந்த இலையை எடுத்துக் காம்பைக் கீழ்ப்பக்கமாகப் பிடியுங்கள். அகலமெல்லாம் மேலே, நுனிப் பக்கத்தில் இருக்கும். காம்பை நோக்கி வரவர ஒடுங்கிக்கொண்டே வரும். செம்பருத்தி இலைக்கு நேர் எதிர். இது தலைகீழ் முட்டை. சாலையோரங்களில் நிழலுக்கு வைத்திருக்கும் மகிழ மரத்தின் இலை பெரும்பாலும் நடுவில் அகன்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறுகும். அது நீள்வட்டம். ஆனால் அதே மகிழ மரத்தில் ஆரஞ்சு நிறத்தில் பழுக்கும் சிறு பழம் முட்டை வடிவம். ஒரே மரத்தில் இரண்டு வடிவமும் பார்த்துவிடலாம்.

இந்த மூன்று இலைகளையும் 'ஓவல் இலை' என்று எழுதினால் எதைச் சொன்னோம்? ஒன்றையும் சொல்லவில்லை. அகலம் எந்தப் பக்கம் என்பதுதான் மரத்தை அடையாளம் காட்டும் குறிப்பே. சீனப் புத்தாண்டு நேரத்தில் பல வீட்டு வாசல்களில் சிறு தொட்டியில் வைத்திருக்கும் ஜேட் செடிக்குத் தாவரவியல் பெயர் கிராசுலா ஓவாட்டா. ஓவாட்டா என்றால் முட்டை வடிவமானது. ஆனால் அதன் தடித்த இலையைப் பார்த்தால் அகலம் பெரும்பாலும் நுனிப் பக்கம்தான். பெயரில் முட்டை இருந்தும் இலையில் இருப்பது தலைகீழ் முட்டை. பெயரை மட்டும் நம்பாமல் இலையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

முட்டைக்கும் நீள்வட்டத்துக்கும் இடையில் தடுமாறியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஒரு கூம்பைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் என்ன வடிவத்தில் இருக்கும்? கூம்பு கீழே போகப்போக அகலமாவதால் வெட்டுமுகத்தின் கீழ்ப்பகுதியும் அகன்றிருக்கும், ஆகவே முட்டை வடிவம் வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525இல் வெளியிட்ட வடிவியல் நூலில் அப்படித்தான் கீழ்ப்பக்கம் கொஞ்சம் பருத்த கோடாக வரைந்து, அதை 'முட்டைக் கோடு' என்றே சொன்னார். உண்மையில் வருவது இரு பக்கமும் சமமான நீள்வட்டம். ஒரு கேரட்டின் கூர்ந்த பகுதியைச் சாய்வாக நறுக்கி வில்லையைப் பார்த்தால் ஓரளவு புரியும். கேரட் அப்படியொன்றும் கச்சிதமான கூம்பில்லை, ஆனாலும் மனம் எதிர்பார்க்கும் முட்டை அங்கே இருக்காது.

ஜெர்மானிய வானியலாளர் கெப்லரின் கதை இதைவிடப் பெரியது. டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே பல ஆண்டுகள் எடுத்துவைத்த செவ்வாய்க் கோளின் அளவீடுகள் கெப்லர் கையில் இருந்தன. பாதை வட்டமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வட்டம் இல்லையென்றால் வேறென்ன? அவர் முதலில் போய் நின்ற இடம் முட்டை. ஒரு முனை மழுங்கி, ஒரு முனை ஒடுங்கிய பாதை. அதை வைத்துக் கணக்குப் போடுவது பெரும் பாடு என்பதால், கணக்கு வசதிக்காக மட்டும் அதன் இடத்தில் ஒரு நீள்வட்டத்தை வைத்துப் பார்த்தார். விடை நீள்வட்டமேதான் என்று பிடிபட மேலும் காலம் பிடித்தது. 1605இல் அதை அடைந்தார், 1609இல் நூலாக வெளியிட்டார். கோள்களின் பாதை நீள்வட்டம், சூரியன் அதன் இரண்டு குவியங்களில் (நீள்வட்டத்துக்குள் நடுவிலிருந்து இரு பக்கமும் சம தூரத்தில் இருக்கும் புள்ளிகளில்) ஒன்றில் இருக்கிறது என்ற விதி அப்படி வந்தது.

இந்த இடத்தில் ஏன் முட்டை தோன்றுகிறது என்று யோசித்தால் காரணம் புரியும். சூரியன் பாதையின் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறது. அப்படியானால் சூரியன் இருக்கும் பக்கத்து முனையும் மறுபக்கத்து முனையும் வேறுவேறாகத்தானே இருக்க வேண்டும் என்று மனம் கேட்கிறது. இல்லை, முனைகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. சூரியன் இருக்கும் இடம் மட்டும்தான் ஒருபக்கமாக இருக்கிறது. இன்றும் 'பூமி முட்டை வடிவப் பாதையில் சுற்றுகிறது' என்று எழுதுகிறவர்கள் உண்டு. கெப்லர் பாடுபட்டு விட்டொழித்த முட்டையை நாம் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறோம். பாடப்படங்களும் கொஞ்சம் காரணம். பாதையை அளவுக்கு மீறி நசுக்கி வரைகிறார்கள். செவ்வாயின் பாதையில்கூடக் குறுக்களவு நெட்டளவைவிட ஆயிரத்துக்கு நான்கு பங்குதான் குறைவு. பூமியின் பாதையைத் தாளில் சரியான அளவில் வரைந்தால் வட்டம் என்றே நினைப்போம்.

இரண்டு வடிவத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டச் சிறந்த வழி, நூலும் குண்டூசியும். தடித்த அட்டையில் 4 செண்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊசிகளைக் குத்துங்கள். ஒரு நூலின் இரு முனைகளையும் இரண்டு ஊசிகளிலும் கட்டி, பென்சிலால் நூலை விறைப்பாக இழுத்துக்கொண்டே சுற்றி வந்தால் நீள்வட்டம் கிடைக்கும். இரண்டு ஊசிகளும் குவியங்கள். பென்சில் எங்கே இருந்தாலும் இரண்டு ஊசிகளிலிருந்தும் அதன் தூரத்தைக் கூட்டினால் ஒரே அளவு, நூலின் நீளம்.

இப்போது நூலைக் கொஞ்சம் மாற்றுவோம். நூலின் ஒரு முனையை முதல் ஊசியில் கட்டுங்கள். நூல் அங்கிருந்து பென்சிலைச் சுற்றி, இரண்டாவது ஊசிக்குப் போய் அதைச் சுற்றித் திரும்பி வரட்டும். மறுமுனையைப் பென்சிலிலேயே கட்டிவிடுங்கள். முதல் ஊசிக்கும் பென்சிலுக்கும் இடையில் நூல் ஒற்றையாகவும், இரண்டாவது ஊசிக்கும் பென்சிலுக்கும் இடையில் இரட்டையாகவும் ஓடும். முடிச்சுகள் போக 9 செண்டிமீட்டர் நூல் இருந்தால் போதும். மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பொறுமையாக வரைந்தால் சுமார் 6 செண்டிமீட்டர் நீளத்தில், கோழி முட்டைக்கு மிக நெருக்கமான ஒரு கோடு வரும். நூல் இரட்டையாக ஓடும் பக்கம் மழுங்கிய முனை, ஒற்றையாக ஓடும் பக்கம் ஒடுங்கிய முனை. நூல் ரொம்ப நீளமானால் முட்டை உப்பி வட்டத்தை நெருங்கிவிடும், அதனால் அளவு முக்கியம். இந்த வகைக் கோடுகளை நூலாலும் ஊசியாலும் வரையும் முறை பற்றி 1846இல் ஒரு கட்டுரை எடின்பரோ ராயல் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. எழுதியவருக்கு வயது 14 என்பதால் அவருக்காக ஒரு பேராசிரியர் வாசித்தார். அந்தப் பையன் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், பின்னாளில் மின்காந்தக் கோட்பாட்டைத் தந்தவர். தொடக்கநிலை ஐந்து, ஆறு படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டிவிட்டு, எது முட்டை வடிவம், எது நீள்வட்டம் என்று தமிழிலேயே சொல்லிக்கொடுக்கலாம். சொல்லும் வடிவமும் சேர்ந்து மனத்தில் நிற்கும்.

தட்டையான கோடு, கையில் பிடிக்கும் திரண்ட பொருள் இரண்டுக்குமே 'முட்டை வடிவம்' பொருந்தும். நீள்வட்டம் அப்படியில்லை, அது தாளில் வரையும் கோடு. ரக்பி பந்தை நீள்வட்டம் என்பதைவிட 'நீளுருண்டை' என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. இரு முனையும் ஒன்றுபோல இருப்பதால் அதை முட்டை வடிவப் பந்து என்று எழுதுவது பொருந்தாது.

முட்டை வடிவம் என்று பொதுவாகச் சொன்னாலும் நம் மனத்தில் இருப்பது கோழி முட்டைதான். வயதானவர்கள் 'கோழிமுட்டை மாதிரி' என்று பறவையையும் சேர்த்துச் சொல்வது ஒருவகையில் அதிகத் துல்லியம். ஏனென்றால் எல்லா முட்டையும் முட்டை வடிவத்தில் இருப்பதில்லை. ஆந்தையின் முட்டை ஏறக்குறைய உருண்டை, மீன்கொத்தியின் முட்டையும் அப்படித்தான். சிங்கப்பூரின் திறந்த புல்வெளிகளில் தரையிலேயே முட்டையிடும் ஆட்காட்டியின் முட்டை ஒரு முனையில் நன்றாகக் கூர்ந்துவிடும். பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்நோக்கிச் சேர்ந்திருக்கும். அப்படிச் சேர்ந்தால் நான்கும் தாய்ப்பறவையின் வயிற்றுக்கடியில் நெருக்கமாக அடங்கும்.

ஏன் இத்தனை வகை என்பதற்கு ஒரு விடையை 2017இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மேரி கேஸ்வெல் ஸ்டாடர்டும் அவருடைய குழுவினரும் 'சயன்ஸ்' இதழில் முன்வைத்தார்கள். சுமார் 1,400 பறவை இனங்களின் ஏறக்குறைய 50,000 முட்டைகளை அளந்து பார்த்ததில், நன்றாகப் பறக்கும் இனங்களின் முட்டைகள் அதிகம் நீண்டும் ஒருமுனை கூர்ந்தும் இருக்கும் போக்கு தெரிந்தது. வடிவத்தைத் தீர்மானிப்பது வெளி ஓட்டைவிட அதற்கு உள்ளே இருக்கும் சவ்வு என்பதையும் அவர்கள் கணக்கில் காட்டினார்கள். முட்டையை உரிக்கும்போது விரலில் ஒட்டும் அதே மெல்லிய தோல்தான்.

2021இல் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவரும் அவருடன் பணியாற்றியவர்களும் எல்லாப் பறவை முட்டைகளுக்கும் பொருந்தும் ஒரே சூத்திரத்தை வெளியிட்டார்கள். முட்டை ஆய்வில் நான்கு அடிப்படை வடிவங்களைச் சொல்வார்கள்: உருண்டை, நீளுருண்டை, கோழிமுட்டை வடிவம், பேரிக்காய் வடிவம். முதல் மூன்றுக்கும் சூத்திரம் முன்பே இருந்தது, நான்காவதுதான் அடங்காமல் இருந்தது. அதையும் சேர்த்துப் பிடிக்க அவர்களுக்குத் தேவைப்பட்டவை நான்கே அளவுகள்: முட்டையின் நீளம், அதிகபட்ச அகலம், அந்த அகலம் நடுவிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்பது, கூர்முனையிலிருந்து கால் பங்கு நீளத்தில் உள்ள குறுக்களவு. மூன்றாவது அளவு பூஜ்யமாக இருந்தால், அதாவது அதிக அகலம் சரியாக நடுவிலேயே இருந்தால், வருவது நீளுருண்டை. கொஞ்சம் விலகினால் கோழிமுட்டை.